கொல்லையில் ஒரு வீடு

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையை ஒட்டிய பகுதியில் அப்பா 1988-இல் கட்டிய வீட்டுக்குப் பின்னால், முப்பத்தைந்தடி ஆழத்துக்குக் கொல்லை கிடந்தது. ஒரு கிணறு, ஒரு வேம்பு, துணி துவைக்கும் கல், ஐப்பசிக் காற்றில் ஆண்டுதோறும் முறிந்து மறுபடி துளிர்க்கும் ஒரு முருங்கை. அந்தக் கொல்லையில் 2023-இல் 480 சதுர அடியில் ஒரு சிறிய வீட்டைக் கட்டினோம். இப்போது அதில் என் பெற்றோர் வசிக்கிறார்கள்; முன்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். கேள்விப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகவே புரிந்துகொள்கிறார்கள். பின்னால் ஒரு போர்ஷன் கட்டி அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தோம். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது.

கணக்கு இதுதான். கட்டி முடித்தபோது ஆன மொத்தச் செலவு பதினான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். எங்கள் பகுதியில் 480 சதுர அடியுள்ள பின்வீட்டுக்கு மாதம் ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேல் யாரும் தரமாட்டார்கள். ஆண்டுக்கு அறுபத்தாறாயிரம் என்றால் போட்ட பணத்துக்கு ஐந்து சதவீதம்கூடத் தேறாது. அதே தொகையை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்போதைய 8.2 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால், கொத்தனார் முகத்தையே பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் வந்திருக்கும். ஆனால் பெற்றோர் சிறிய வீட்டுக்கு மாறி, இரண்டு படுக்கையறையும் முன்வாசலும் உள்ள பெரிய வீட்டை வாடகைக்கு விட்டால், மாதம் பதினோராயிரம் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். வீடு அதேதான், செலவும் அதேதான். யார் எங்கே குடியிருப்பது என்பதை மாற்றியதும் கணக்கும் மாறிவிட்டது.

‘மாடி எடுக்கவில்லையா?’ என்று கேட்காத உறவினர் இல்லை. மாடி எடுத்தால் புதிதாகக் கடைக்கால் தோண்ட வேண்டியதில்லை, கொல்லையும் பிழைத்திருக்கும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எங்கள் முன்வீடு தூண்களில் நிற்பதன்று, சூளைச் செங்கல் சுவர்களே சுமையைத் தாங்கும் பழைய கட்டுமானம். ஒரு தளத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுப்பியது. பொறியாளர் ஒரு மூலையில் குழி வெட்டி அடித்தளத்தைப் பார்த்துவிட்டு, வலுப்படுத்தாமல் இதன்மேல் மாடிக்குக் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சம்மதித்திருந்தாலும், அம்மாவின் சிக்கல் தீர்ந்திருக்காது. முழங்கால் தேய்ந்துபோன எழுபத்தொரு வயதுப் பெண்மணிக்கு அந்தப் பழைய வீடே பெரும் தொல்லையாகிவிட்டிருந்தது: குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும், அறைக்கு அறை உயரமான நிலைப்படிகள், பெருக்கித் துடைக்கத் தொள்ளாயிரம் சதுர அடி. மாடியில் வாடகை வரும். கீழே அம்மா தடுக்கி விழுந்துகொண்டிருப்பார்.

எதிர்ப்பு அப்பாவிடமிருந்து வந்தது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் வாசலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குக் குடிபோவது, கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்குத் தம்மை இறக்கிவைப்பதாகப் பட்டது. “என்னையக் கொல்லைப்பக்கம் தள்ளுறியாம்மா?” என்று அவர் ஒரு முறை கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடம் இருந்தது: “எனக்குக் கோலம் போட ஒரு வாசல் வேணும். அது முன்னாடி இருந்தா என்ன, பின்னாடி இருந்தா என்ன?” அதனால்தான் வரைபடத்தில் முதலில் முடிவானது வாசல். புதிய வீட்டின் முகப்பு, முன்வீட்டின் முதுகைப் பார்த்தபடி இல்லாமல், பக்கவாட்டு நடையில் வருகிறவருக்கு நேராகத் தெரியும்படி அமைந்தது.

அனுமதியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. எங்கள் மனை 3,000 சதுர அடி. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி தளப்பரப்புக் குறியீடு இரண்டு, அதாவது மனையைப் போல் இரு மடங்குப் பரப்பு வரை கட்டலாம் என்பதால், இரு வீடுகளும் சேர்ந்து 1,380 சதுர அடி என்பது அந்த வரம்பின் அருகில்கூட வராது. கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய திறந்தவெளிதான் கையைக் கட்டும். மனையின் பின்மதிலிலிருந்து ஐந்தடி விட்டோம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தின் கீழ், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள் இணையத்தில் உடனடி அனுமதி பெறுகிறார்கள். எங்கள் மனை அதற்குப் பெரியது. நாங்கள் தொடங்கியதும் அதற்கு முந்தைய ஆண்டு. இந்த வேலையில் எங்களை அலையவைத்தது அப்பாவின் அலமாரிதான். 1988-இல் பெற்ற அனுமதி வரைபடத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார். எங்கே என்பதுதான் அவருக்கு மறந்துவிட்டது.

கடைக்கால் தோண்டிய இரண்டாம் நாள், மண்வெட்டி கான்கிரீட் பலகையில் மோதியது. பாதாளச் சாக்கடை இணைப்பு வந்தபின் கைவிடப்பட்ட செப்டிக் டேங்க் அங்கே இருந்தது. அது வேம்பின் அருகில் இருப்பதாகவே எல்லோரும் சொல்லிவந்தோம். உண்மையில் நாங்கள் கட்டவிருந்த படுக்கையறைக்கு அடியில் இருந்தது. பயனற்ற தொட்டிதானே என்று அதன்மேல் மண்ணைப் போட்டு மூடிவிட்டுத் தளம் போடுகிறவர்கள் உண்டு. உள்ளே வெற்றிடமாக இருக்கும் தொட்டியின் மூடி என்றைக்காவது உள்வாங்கினால், தரையும் அதனோடு இறங்கும். லாரி வரவழைத்துக் கசடை உறிஞ்சி எடுத்து, மூடியை உடைத்து, கிராவலை அடுக்கடுக்காகக் கொட்டி நீர்விட்டு இடித்து நிரப்பினோம். அந்த இடத்தில் வரவேண்டிய தூணை இரண்டடி நகர்த்தி, தொட்டியைத் தாண்டிச் செல்லும்படி பேஸ்மட்ட பீமைப் பொறியாளர் மாற்றி வரைந்தார். எங்கள் பகுதி செம்மண் தரை. ஆற்றுப்படுகைக் களிமண்ணைப் போல் கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண்ணாக இருந்திருந்தால், செலவு இன்னும் ஏறியிருக்கும்.

கொல்லையில் கட்டுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்பாக அளந்து பார்க்க வேண்டியது கொல்லையை அன்று, கொல்லைக்குப் போகும் வழியை. எங்கள் வீட்டின் பக்கவாட்டு நடையின் அகலம் ஐந்தடி. அதில் டிப்பர் நுழையாது, டிராக்டர் நுழையாது. எம்-சாண்டும் ஜல்லியும் தெருவோரத்தில் கொட்டப்பட்டு, அங்கிருந்து அறுபதடி தூரம் தள்ளுவண்டியிலும் சித்தாள்களின் தலையிலும் உள்ளே போயின. சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று ஒப்பந்தம் பேசியபோது மேஸ்திரி இந்த நடையைப் பார்த்திருந்தார். ஆனால் அதற்குத் தனிக்கூலி வரும் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பதினோரு லட்சத்து நான்காயிரத்தில் முடிய வேண்டியது பதினான்கு லட்சத்து இருபதாயிரம் ஆனதில், செப்டிக் டேங்குக்கு அடுத்த பெரிய பங்கு இந்த அறுபதடிக்குத்தான்.

கூரைக் கான்கிரீட் போட்ட நாளை நான் மறக்கமாட்டேன். ஐந்தங்குலக் கனத்தில் 480 சதுர அடி என்றால் 200 கன அடிக் கலவை, அதாவது இரண்டு யூனிட். கலவை இயந்திரத்தை உள்ளே கொண்டுபோக முடியாததால் அது வாயிற்கதவருகே நின்றது. நீர் பட்ட சிமெண்ட் காத்திருக்காது. கலந்து அரைமணி நேரத்துக்குள் கலவை உரிய இடத்தில் விழுந்து குத்தப்பட்டாக வேண்டும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி, ஐந்தடி நடையில் ஆட்கள் வரிசையாக நின்று, நிறைந்த இரும்புச் சட்டி ஒரு பக்கமும் வெற்றுச் சட்டி மறுபக்கமுமாகக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள். ஆண்களைவிடக் குறைந்த கூலி அவர்களுக்கு. அன்று அதிக எடையைத் தூக்கியவர்கள் அவர்கள்தாம் என்பதை நாள் முழுவதும் நின்று பார்த்தேன். மேஸ்திரியிடம் கேட்டதற்கு, இதுதான் வழக்கம் என்றார். கூரை விருந்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தோம். கூலியில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அதன்பின் பதினான்கு நாள், கூரையில் பாத்தி கட்டி நீர் நிறுத்தினோம். சுவர்களுக்கு நீராற்றும் வேலையை, யாரும் கேட்காமலே, அப்பா எடுத்துக்கொண்டார். காலையும் மாலையும் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டுக் குழாயோடு நின்றார். எந்தச் சுவர் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று மேஸ்திரிக்கே பாடம் நடத்தத் தொடங்கியபோது, அவருடைய எதிர்ப்பு முடிந்துவிட்டதை அறிந்தேன்.

தரைமட்டத்தில்தான் நீண்ட விவாதம் நடந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத்தார் போடும் வழக்கத்தால், முப்பத்தைந்து ஆண்டுகளில் எங்கள் தெரு வளர்ந்துகொண்டே வந்து, ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வாயிலுக்குச் சமமாகிவிட்டது. கொல்லையோ தெருவைவிட ஒன்பது அங்குலம் பள்ளம். ஐப்பசி மழைநீர் உள்ளே வராதிருக்கப் புதிய வீட்டின் தளம் கொல்லையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர வேண்டும். அவ்வளவு உயர்த்தினால் படி வரும். படி வந்தால் அம்மாவுக்காகக் கட்டுகிறோம் என்று சொல்வதில் பொருளில்லை. மூன்று படியில் முடிகிற வேலைக்கு எதற்குச் சாய்தளம் என்று மேஸ்திரி கேட்டார். ஓரங்குலம் ஏறுவதற்கு ஓரடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. பதினெட்டு அங்குலத்துக்குப் பதினெட்டடி. முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் நடுவிலுள்ள பதினான்கடி முற்றத்தில், புதிய வீட்டின் சுவரை ஒட்டி நீளவாக்கில் அதை அமைத்தோம். சக்கர நாற்காலி தேவைப்படும் நாள் இன்னும் வரவில்லை. வெயில் நன்றாக விழும் இடமாக இருப்பதால், இப்போதைக்கு அம்மா அதில் வற்றல் காயவைக்கிறார்.

உள்ளே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை. கதவுகள் எல்லாம் மூன்றடி அகலம். குளியலறைக்கு நிலைப்படி கிடையாது. தரையின் வாட்டத்தால் மட்டுமே நீர் உள்ளே நிற்கிறது. அந்த வாட்டத்தை ரசமட்டம் வைத்து இருமுறை பிரித்துப் போடச் சொன்னேன், மேஸ்திரிக்கு என்மேல் கோபம். கைப்பிடிக் கம்பிகளைப் பிற்பாடு பொருத்திக்கொள்ளலாம் என்று விடாமல், பூச்சுக்கு முன்பே அந்தந்த இடத்துச் சுவரை வலுவாகக் கட்டவைத்தோம். நான் சறுக்கிய இடம் கூரை. வெயிலைத் தடுக்கும் தட்டோடுகளைக் கூரைமேல் பதிப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியதால், முதல் கோடையில் இரவு பத்து மணிக்கும் கூடம் அனலாகத் தகித்தது. மழைநீர் சேகரிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் கட்டாயம். இரு கூரைகளின் நீரையும் வடிகட்டிக் கிணற்றில் விட்டிருக்கிறோம்.

மின்இணைப்பைத் தனியாகப் பெற்றது நல்ல முடிவு. தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள வேறு குடியிருப்பு என்பதால் புது மீட்டர் கிடைத்தது. ஒரே மீட்டரில் இரு குடும்பங்கள் இருந்திருந்தால் பயன்பாடு கூடி மேல்விகிதத்துக்குப் போயிருக்கும். யார் எவ்வளவு என்ற பேச்சும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கும். வாடகை வருமானம் அப்பாவின் பெயரில் வருகிறது. வீட்டுவரியைக் கழித்து, மிச்சத்தில் முப்பது சதவீதத்தையும் கழித்தபின் வருவதே வருமான வரிக் கணக்கில் சேர்கிறது. எங்களுக்கு அது தொண்ணூறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

முன்வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்தோம். முன்பணம் மூன்று மாத வாடகை. வழக்கமான நிபந்தனைகளோடு நான் சேர்க்கச் சொன்னது ஒன்றுதான்: பக்கவாட்டு நடை பொதுநடை, அதில் வண்டி நிறுத்தக் கூடாது. எழுதியிருந்தும் முதல் மாதமே அங்கே ஒரு பைக் நின்றது. அப்பா பேசவில்லை, அம்மா காலை ஐந்தரைக்குக் கோலமாவுக் கிண்ணத்தோடு போய், வண்டியைச் சுற்றிப் பெரிதாக ஒரு கோலம் போட்டுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து வண்டி போர்ட்டிகோவில் நிற்கிறது.

இந்த நடைதான் பின்னாளிலும் வம்பாகும். இரண்டு வீடுகள் இருக்கின்றன, அண்ணனும் நானுமாக இரண்டு பிள்ளைகள் இருக்கிறோம். ஆளுக்கொன்று என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தெருவைத் தொடாத பின்வீட்டுக்கு, நடையில் போய்வரும் பாத்தியம் எழுத்தில் இல்லாவிட்டால், அதை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. அப்பா எழுதவிருக்கும் உயிலில் நடையின் நீள அகலமும், அதன் அடியில் செல்லும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்களும் குறிக்கப்பட வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் அளவையாளர் வருகிறார். ஐந்தடியை எட்டடியாக எழுத முடியாதா என்று சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கேட்கிறான். முன்வீட்டுச் சமையலறைச் சுவரை மூன்றடி இடித்தால் எழுதலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.