தந்தையும் மகனும் பேரனும்

சாகன் இர்மாக் இயக்கி 2005-இல் வெளிவந்த 'பாபாம் வே ஓலும்' என்னும் துருக்கியப் படம், 1980 செப்டம்பர் 12 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய விடியலில், உதவிக்கு ஆளின்றி மனைவியைப் பிரசவத்தில் இழக்கும் சாதிக் என்ற பத்திரிகையாளனிடம் தொடங்குகிறது. சிறையும் சித்திரவதையும் உடலைக் குலைத்துவிட, தன் முடிவை உணர்ந்த அவன், வேளாண்மை படிக்காமல் அரசியலில் இறங்கியதற்காகத் தன்னை ஒதுக்கிய தந்தை ஹுசேயினின் ஏஜியன் பகுதிப் பண்ணைக்கு மகன் தெனிஸுடன் திரும்புகிறான்.

பாட்டி நூரானின் ஆரவாரமும், சித்திரக்கதைகளில் மூழ்கிய தெனிஸின் கற்பனைகளும் வாய்விட்டுச் சிரிக்க வைக்கின்றன. அந்தச் சிரிப்புதான் பின்னால் வரும் இழப்பைத் தாங்க முடியாததாக்குகிறது என்பது என் எண்ணம். ஹுசேயினாக நடித்த சேத்தின் தெகிந்தோரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பிடிவாதத்தால் மகனைப் பிரிந்து கழித்த ஆண்டுகளை எண்ணி அந்த முதியவர் உடைந்து கதறும்போது, அதுவரை அவர்மீது எனக்கிருந்த கோபம் முழுவதும் கரைந்துபோயிற்று.