இம்பிளாண்டுடன் மறுசெவிக் கருவியும்: மாண்டரின் தொனிகளைக் கேட்கப் பழகிய அனுபவம்

தைவானின் தைப்பேயில் கொள்முதல் பிரிவில் பணிபுரியும் எனக்கு வலச் செவியில் காக்ளியர் இம்பிளாண்ட் (கேட்பு நரம்பை மின்சாரத்தால் தூண்டும், அறுவைச் சிகிச்சை மூலம் பொருத்தப்படும் கருவி) வைத்த பிறகு, தமிழும் ஆங்கிலமும் சில மாதங்களிலேயே தெளிவாகக் கேட்கத் தொடங்கின. அலுவலக மொழியான மாண்டரின் சீனம் மட்டும் பிடிபடவில்லை. சொல்லின் உயிரும் மெய்யும் கேட்டன, பொருளையே மாற்றும் தொனி, அதாவது குரலின் சுருதி ஏறி இறங்கும் விதம், கேட்கவில்லை. 'மாய்' என்பதைத் தாழ்த்தி எழுப்பினால் (மூன்றாம் தொனி) வாங்குதல், மேலிருந்து சட்டென இறக்கினால் (நான்காம் தொனி) விற்றல் என்றிருக்கும் மொழியில், என் வேலைக்கு இது பெரிய தடை.

காரணத்தைக் கேள்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் பொறுமையாக விளக்கினார். இம்பிளாண்ட், தயாரிப்பைப் பொறுத்து, 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் வழியே ஒலியின் வலிமை கூடிக் குறைவதை நரம்புக்கு அனுப்புகிறது. குரலின் சுருதி அதில் மங்கிவிடுகிறது. ஆண்குரலின் அடிப்படைச் சுருதி ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ், பெண்குரலுடையது 200 ஹெர்ட்ஸ். என் இடச் செவியில் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேள்திறன் எஞ்சியிருந்தது. தொனி வாழ்வதும் அங்கேதான்.

ஆகவே இடச் செவியில் அணிந்துவந்த பழைய காதுகேட்கும் கருவியைக் கைவிடாமல், இம்பிளாண்டுக்கு ஏற்ப மாற்றியமைத்தோம். நான் மிக முக்கியமாகக் கருதுவது காது அச்சை (கருவியின் ஒலியைச் செவிக்குள் செலுத்த, காதின் வடிவத்துக்கேற்பச் செய்யப்படும் பகுதி) மாற்றியதைத்தான்: அதிலுள்ள காற்றுத் துளை பெரிதாக இருந்தால் தாழ்ந்த ஒலிகள் வெளியே கசிந்துவிடும் என்பதால், காதை இறுக்கமாக மூடும் அச்சு செய்யப்பட்டது. பிறகு தாழ்ந்த ஒலிகளைக் கூட்டி, பயனற்றுப்போன உயர் ஒலிகளைக் குறைத்து, இரு செவிகளிலும் ஒரே குரல் ஒரே அளவில் கேட்கும்வரை சரிசெய்தார்கள். பயிற்சியின்போது சிறிது நேரம் இம்பிளாண்டை மட்டும் அணிந்தேன். மற்ற நேரமெல்லாம் இரண்டையும்.

அமைதியான அறையில் வேறுபாடு சிறிதே. மூன்றாம் தொனி நீளும், நான்காம் தொனி குறுகும். இம்பிளாண்ட் மட்டுமே இருந்தாலும் அந்தக் கால அளவும் சொல் வரும் இடமும் உதவிவிடும். இரைச்சலில்தான் இரு கருவிகளின் கூட்டு தன் பலத்தைக் காட்டியது. மெட்ரோ நிலையத்திலும் நெரிசலான உணவகத்திலும் சக ஊழியர்கள் பேசுவது, இம்பிளாண்ட் மட்டும் இருந்தபோது கேட்டதைவிட மிகத் தெளிவாகக் கேட்டது.

இது எல்லாருக்கும் பொருந்தாது. மறுசெவியில் தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் எஞ்சியிருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அந்தச் செவியின் ஆடியோகிராமை (கேள்திறன் சோதனையின் வரைபடம்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் ஆண்டுதோறும் எடுங்கள். அந்தத் திறன் குறையத் தொடங்கினால், அங்கும் இம்பிளாண்ட் வைப்பதா என்பதை மருத்துவருடன் பேசி முடிவெடுக்க அந்தப் பதிவுகள் தேவைப்படும்.