டோவானின் ஸாக்கு: ஆயுதம் இல்லாத எதிரி ரோபோவைச் செய்து பார்த்த அனுபவம்

ஸாக்கு என்பது ஒரு ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வரும் எதிரி ரோபோ. அதன் பிளாஸ்டிக் மாடலைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எதிரிப் படையின் நட்சத்திரம் ஷாரின் சிவப்பு ஸாக்குவில்தான் தொடங்குவார்கள். தலையில் கொம்பு, மற்றவற்றைவிட மூன்று மடங்கு வேகம் என்ற பேச்சு, அதை ஓட்டுவது ஒரு முகமூடி நாயகன். யாருக்குத்தான் பிடிக்காது? நான் எடுத்தது சாதாரணச் சிப்பாய் ஓட்டும் பச்சை ஸாக்கு. அதிலும் துப்பாக்கி, கோடாலி எதுவும் கையில் இல்லாத ஒன்று. அந்த 'மொபைல் சூட் கண்டாம்' தொடரின் 15ஆம் அத்தியாயத்தில் வரும் குக்குருஸ் டோவானின் ஸாக்கு.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1979 ஏப்ரலில் ஜப்பானில் நகோயா டிவியில் தொடங்கி, 43 அத்தியாயங்களோடு 1980 ஜனவரியில் முடிந்த தொடர் இது. இயக்குநர் யோஷியுகி டொமினோ. ரோபோக்களை வரைந்தவர் குனியோ ஓகவாரா. அதற்கு முந்தைய ரோபோ தொடர்களில் வாரம் ஒரு அரக்க இயந்திரம் வரும், நாயகனிடம் அடி வாங்கி வெடிக்கும், அடுத்த வாரம் வேறொன்று வரும். ஸாக்கு அப்படிப்பட்டதல்ல. எதிரியான ஜியோன் படை தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தள்ளிய ராணுவ வண்டி அது. ஒரே அச்சில் பல, ஒவ்வொன்றின் உள்ளேயும் பெயருள்ள ஒரு ஆள். தொடருக்குப் பணம் போட்ட பொம்மைக் கம்பெனிக்கு நாயகனின் ரோபோவான கண்டாமை விற்பதில்தான் கவனம். அதனால் எதிரி ரோபோவை வரைவதில் ஓகவாராவுக்கு நல்ல சுதந்திரம் கிடைத்தது. ஒற்றைக் கண், வாயைச் சுற்றிக் குழாய், வலது தோளில் கேடயம், இடது தோளில் முள். கண்டாமைவிட ஸாக்குதான் இன்றைக்கும் கண்ணுக்குப் புதிதாக இருக்கிறது என்பது என் கட்சி.

ஒளிபரப்பு முடிந்தபின் 1980 ஜூலையில் பண்டாய் என்ற மாடல் கம்பெனி 1/144 அளவு கண்டாம் மாடலை 300 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாலேயே ஸாக்குவும் வந்தது. எதிரியின் ரோபோவைக் காசு கொடுத்து வாங்கி, அதை உட்கார்ந்து செய்து, சேறும் துருவும் பூசி அழகு பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது இப்படித்தான்.

இப்போது டோவான். ஜியோன் படையிலிருந்து தப்பி ஓடிய சிப்பாய். தன் தாக்குதலில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஒரு தீவில் வைத்து வளர்க்கிறான். அந்தப் பிள்ளைகளையும் கொல்லச் சொன்னார்கள், அவனால் முடியவில்லை, ஓடிவந்துவிட்டான். அவனுடைய ஸாக்குவிடம் ஆயுதம் கிடையாது. பாறையைத் தூக்கி எறியும், முஷ்டியால் குத்தும். அவனைத் தேடி வரும் இன்னொரு ஸாக்குவை வெறுங்கையாலேயே சாய்க்கிறான். கடைசியில் தொடரின் நாயகன் அமுரோ தன் கண்டாமால் டோவானின் ஸாக்குவைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுகிறான். போர் வாசனை இந்த இயந்திரத்தில் ஒட்டியிருக்கிறது, எதிரிகள் அதை மோப்பம் பிடித்துத்தான் வருகிறார்கள் என்பது அமுரோவின் கணக்கு. டோவான் தடுப்பதில்லை. இந்த ஒரு அத்தியாயத்தை யோஷிகாசு யாசுஹிகோ 2022இல் முழுநீளப் படமாகவே எடுத்தார். அதில் கதை நடக்கும் இடம் கேனரி தீவுகளில் உள்ள அலெக்ரான்சா.

அந்தப் படத்தை ஒட்டி டோவானின் ஸாக்கு தனி கிட்டாகவே (பாகங்களைச் சேர்த்துச் செய்யும் மாடல் பெட்டி) வந்தது. நான் அதை எடுக்காமல் சாதாரணப் பச்சை ஸாக்குவை வாங்கி மாற்றினேன். டோவானின் ஸாக்குவும் ஒரு காலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக, சாதாரண ஸாக்குகளில் ஒன்றாக நின்றதுதானே. அதிலிருந்து இது வரவேண்டும் என்று தோன்றியது.

முதலில் தலை. 1979 அத்தியாயத்தில் இந்த ஸாக்குவின் மூக்குப் பகுதி வழக்கத்தைவிட நீளமாக, ஒல்லியாக வரையப்பட்டிருக்கும். வரைவதில் வந்த கோணல் அது. படத்தில் அதையே இந்த ஸாக்குவின் அடையாளமாக்கிவிட்டார்கள். நான் மூக்கின் முன்பகுதியை ரம்பத்தால் வெட்டி, நடுவில் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு இரண்டு வைத்து ஒட்டினேன். இடைவெளியை எபாக்சி புட்டியால் (பிசைந்து வைத்தால் இறுகும் மாவு) நிரப்பி 400, 600, 1000 எண் உப்புத்தாள்களை வரிசையாகப் போட்டேன். இரண்டு மில்லிமீட்டர்தான், ஆனால் முகமே மாறிவிட்டது. முறைக்கும் சிப்பாயாக இருந்தது களைத்துப்போன முகமாகிவிட்டது.

கண்ணுக்கு கிட்டில் வரும் ஸ்டிக்கரை நான் போடுவதில்லை. ஆரி வேலைக்கு விற்கிற கற்களில் 2 மி.மீ. இளஞ்சிவப்புக் கல், பின்பக்கம் தட்டையாக, வெள்ளிப் பூச்சோடு கிடைக்கும். விலையும் ஒன்றுமில்லை. கண் உட்காரும் பள்ளம் முழுவதையும் மேட் (பளபளப்பில்லாத) கறுப்பு அடித்துவிட்டு, கல்லைப் பல்குச்சி முனையில் எடுத்து வைத்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் உள்ளே விளக்கு வைத்ததுபோல் எரிகிறது. பார்வை எந்தப் பக்கம் என்பதை ஒட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் வைத்தால் மிரட்டும். என்னுடையது கீழே, சற்று இடப்பக்கம் பார்க்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

குழாய்களில்தான் பொறுமை போகும். வாயருகே, இடுப்பில், காலில் என்று ஸாக்குவின் குழாய்கள் வெளியே தொங்கும். முதல் அத்தியாயத்தில் அமுரோ முதன்முதலாகக் கண்டாமை ஓட்டும்போது எதிரி ஸாக்குவின் முகக் குழாயைத்தான் பிடித்துப் பிய்க்கிறான். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழாய் வெறும் அலங்காரமாகத் தெரியாது. பலவீனத்தை வெளியே தொங்கவிட்ட இயந்திரம் அது. கிட்டில் குழாய் ஒரே துண்டாக வரும், இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு ஓடும். மேலோட்டமாகத் தேய்த்தால் மணிமணியாக இருக்கும் வடிவம் மழுங்கிவிடும். கத்தியின் முதுகுப் பக்கத்தால் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகச் சுரண்ட வேண்டும். இடுப்புக் குழாய் ஒன்றை நடுவில் அறுத்து, இடையில் மெல்லிய செப்புக் கம்பி சுற்றி, டோவான் கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டதாகச் செய்தேன். தீவில் உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

அடுத்து துரு. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கண்டாமின் கவசம் லூனா டைட்டானியம் என்ற கற்பனை உலோகம். ஸாக்குவினுடையது கடினமான எஃகுக் கலவை. முதல் அத்தியாயத்திலேயே ஸாக்குவின் குண்டுகள் கண்டாம் மேல் பட்டுத் தெறித்துப்போவதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம். அப்படியென்றால் கடலோரத் தீவில் வெகுநாள் நின்ற எஃகு இயந்திரம் எப்படி இருக்கும்? உப்புக்காற்று தின்றிருக்கும். அதைச் செய்ய உப்பையே எடுத்தேன்.

முறை இதுதான். அடிப்பூச்சான ப்ரைமருக்கு மேல் லாக்கர் வகை பழுப்பை அடிக்க வேண்டும். ஒரே பழுப்பாக இல்லாமல், அங்கங்கே செங்கல் நிறமும் கறுப்பும் கலந்து. முழுதும் காய்ந்தபின் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வைத்து, ஈரம் இருக்கும் இடத்தில் மட்டும் உப்பைத் தூவ வேண்டும். ஈரம் காய்ந்ததும் உப்பு அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் அக்ரிலிக் பச்சை. ஸாக்குவுக்கு மார்பும் பாதமும் கரும்பச்சை, கைகால் தலையெல்லாம் இளம்பச்சை. பச்சை காய்ந்தபின் ஈரத் தூரிகையால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, அந்தந்த இடத்தில் பழுப்பு எட்டிப்பார்க்கும். தூரிகையால் வரைந்த துருவில் வரும் செயற்கைத்தனம் இதில் வராது, ஏனென்றால் எந்த இடத்தில் எந்த வடிவம் வரும் என்பது நம் கையில் இல்லை.

இதில் அளவு முக்கியம். 1/144இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 14.4 சென்டிமீட்டர். கல்லுப்பு போட்டால் பெயர்ந்த இடம் ஒவ்வொன்றும் தட்டு அகலத்துக்கு வரும். கவசம் உரிந்து விழுவதுபோல் தெரியும். மேசையில் வைக்கிற தூளுப்பின் ஒரு பரல் சுமார் 0.3 மி.மீ., அதாவது நிஜத்தில் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதுதான் சரியான அளவு. கேடயத்தின் விளிம்பு, முழங்கால், விரல் கணு, இந்த இடங்களில் அதிகமாகத் தூவினேன். முதுகில் கொஞ்சம். அக்குளுக்குள், கழுத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை, அங்கே காற்று அடிக்காது.

கடைசியில் பாகங்களைச் சாதாரணத் தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும். உப்பு மிச்சம் இருந்தால் மேட் கோட் அடித்தபின் அடியிலிருந்து வெள்ளையாகப் பூக்கும். மேட் கோட்டை மழை நாளில் அடிக்கவே கூடாது. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ஐப்பசி கார்த்திகையில் லாக்கர் ஸ்ப்ரே பால் மாதிரி வெளுத்துவிடும். வெயில் ஏறிய நேரம் பார்த்து, தூரத்திலிருந்து, லேசாக.

துரு வடியும் கோடுகளுக்கு ஓவியர்கள் வாங்கும் எண்ணெய் வண்ணத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைப் புள்ளி புள்ளியாக வைத்து, தின்னர் தொட்ட தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே இழுத்தேன். தண்ணீர் எப்படி ஓடும் என்பதுதான் இங்கே விதி: கேடயத்தின் ஆணியிலிருந்து நேர் கீழே, மார்புக் கதவின் விளிம்பிலிருந்து வயிற்றை நோக்கி. இந்த வேலைக்கு முன் மூட்டுகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் தின்னர் இறங்கினால் சத்தமில்லாமல் விரிசல் விடும்.

இடது தோளின் மூன்று முட்களையும் பலர் உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்குவார்கள். பொம்மை பாதுகாப்புக்காக கிட்டில் அவை மழுங்கலாக வருகின்றன. சண்டைக்குப் போகும் ஸாக்கு என்றால் நானும் கூராக்குவேன். இதில் இன்னும் கொஞ்சம் மழுக்கினேன். சுற்றிப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் டோவான் அப்படித்தான் செய்திருப்பான் என்பது என் சொந்தக் கற்பனை. அதேபோல் பாதத்தின் மேற்புறத்தில் துருவே வைக்கவில்லை. பச்சை தேய்ந்து வெறும் உலோகம் மினுங்கும்படி, வெள்ளி வண்ணத்தை உலர்ந்த தூரிகையில் எடுத்து லேசாகத் தடவினேன். பிள்ளைகள் ஏறி ஏறி இறங்கினால் அங்கேதான் தேயும்.

கைக்கு வருவோம். கிட்டின் வலது கை துப்பாக்கியைப் பிடிக்கும்படி மூடியிருக்கும். விரல்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரித்து, பாறையை ஏந்தும் கோணத்தில் புட்டி வைத்து மறுபடி ஒட்டினேன். பாறைக்கு நிஜக் கருங்கல்லை வைத்தால் கனத்தில் தோள் மூட்டு தொங்கிவிடும். அசல் எரிமலை நுரைக்கல், அதாவது குளியலறையில் பாதம் தேய்க்க வைத்திருப்போமே, அதில் ஒரு துண்டை உடைத்தேன். கனமே இல்லை, மேற்பரப்பில் உள்ள துளைகள் இந்த அளவுக்குப் பொருத்தமாக இருக்கின்றன, அலெக்ரான்சாவும் எரிமலைத் தீவுதான். உள்ளங்கையில் பித்தளைக் கம்பி ஒன்றைச் செருகி அதில் நிறுத்தினேன்.

ஸாக்குவின் உயரம் 17.5 மீட்டர், 1/144இல் 12 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பக்கத்தில் ஒரு மனித உருவம் இல்லாவிட்டால் அந்தப் பிரமாண்டம் கண்ணுக்கு எட்டாது. ஜப்பானில் 'N' கேஜ் என்று விற்கும் சின்ன ரயில் மாடல்களின் அளவு 1/150. அந்த உருவங்கள் இதற்குக் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். அவற்றில் சிறுவர்களாக இருப்பவற்றைத் தேர்ந்து, சட்டை நிறத்தை மாற்றி, இடது பாதத்தின் அருகே வைத்தேன். ஒரு உருவம் 7, 8 மில்லிமீட்டர்தான். கல் கண்ணைக் கீழே, இடப்பக்கம் பார்க்கும்படி ஒட்டியது இவர்களுக்காக. பாறையை ஓங்கிய கையை மட்டும் பார்த்தால் இன்னும் வில்லன்தான். கண் போகும் திசையைக் கவனித்தவர்களுக்கு இது யார் என்று புரிந்துவிடுகிறது.

தளம் இன்னும் பாதியில் நிற்கிறது. கறுப்பு மணலைச் சலித்து, நீர் கலந்த பசையால் ஒட்டியிருக்கிறேன். கடற்கரை ஓரத்துக்கு எபாக்சி ரெசின் ஊற்ற வேண்டும். அடுத்து இன்னொரு பச்சை ஸாக்கு வாங்கியிருக்கிறேன், டோவானைத் தேடி வருகிறவன். அவனுக்குத் துரு கிடையாது, முட்கள் கூராக இருக்கும், கையில் 120 மி.மீ. மெஷின் கன், கண் நேர் நடுவில். பச்சை மட்டும் இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து.