ராகி காயும் சாலையில் ஒரு கிராவல் சைக்கிள்

எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் ‘கிராவல்’ என்ற சொல் சைக்கிளுக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. வீட்டுமனையை மேடாக்கவோ சாலைக்கு அடித்தளம் போடவோ ‘நாலு லோடு கிராவல் அடிங்க’ என்று டிப்பர்க்காரரிடம் சொல்வதுதான் வழக்கம். ஆகவே, நான் கிராவல் சைக்கிள் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது என் சித்தப்பா, அது மண் அள்ளும் ஏதோ வண்டி என்று நினைத்துக்கொண்டதில் தவறொன்றும் இல்லை. பந்தய சைக்கிளுக்கு இருப்பதுபோல் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும், அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமான, முட்கள் போன்ற பட்டைகள் கொண்ட டயரும், சேற்றிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கும் உள்ள சைக்கிள் அது என்று விளக்கியதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “இத்தனை காசு குடுத்து ஏன்டா மண்ணு ரோட்டுல ஓட்டணும்?”

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிறுநகரில், 2006-ஆம் ஆண்டு முப்பத்துச் சொச்சம் பேரோடு தொடங்கிய 200 மைல் மண்சாலைப் பந்தயம் இந்த வகை சைக்கிளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. 2022-இல் இத்தாலியில் இதற்கென முதல் உலக சாம்பியன் போட்டியும் நடந்தது. கான்சஸின் அந்தக் குன்றுப் பகுதி டயரைக் கத்திபோல் அறுக்கும் சிக்கிமுக்கிக் கற்களுக்குப் பேர்போனது. அதைப் படித்தபோது எனக்கு வெளிநாட்டுச் செய்தியாகவே தோன்றவில்லை. கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடையே உள்ள எந்த வண்டிப்பாதையில் இறங்கினாலும் அந்த வேலையைச் செய்ய வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல் காத்திருக்கிறது.

இந்த நிலத்தின் வடிவம் சைக்கிளில் போனால்தான் உடம்புக்குத் தெரியும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் தருமபுரி நகரம் ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. பழைய ஆவணங்கள் மேலே இருக்கும் ஓசூர்ப் பகுதியைப் பாலாகாட் என்றும், கீழே கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் சுற்றியுள்ள பகுதியைப் பாராமகால் என்றும் பிரித்தே எழுதின; 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போனது பாராமகால்தான், பாலாகாட் அதற்குப் பின் 1799-இல் போனது. காரில் போகிறவருக்கு இந்த இரண்டு நிலங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு காதடைப்பதோடு முடிந்துவிடும். சைக்கிள்காரருக்கோ மேட்டு நிலத்திலும் சமதரை என்பது கிடையாது. ஒரு மேடு ஏறினால் ராகிக் கொல்லை, இறங்கினால் ஓடை, ஓடையைத் தாண்டினால் மறுபடியும் மேடு, அதன் உச்சியில் ஒரு வேப்பமரமும் நாலு வீடும் என்று அலையலையாகப் போகும்.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெலமங்கலத்தில் தொடங்கி, கொல்லைகளுக்கு நடுவே வண்டிப்பாதையாகவே தேன்கனிக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து அய்யூர் வழியாகப் பெட்டமுகிலாளம் வரை ஏறித் திரும்புவது என்று புறப்பட்டேன். விடிவதற்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்ற சைக்கிள்காரர்களின் பொது விதி இங்கே செல்லாது. ராகி முற்றும் பருவத்தில், கர்நாடகத்தின் பன்னர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் கூட்டமாக இந்தப் பக்கம் இறங்கும். இரவெல்லாம் கொல்லையில் மேய்ந்துவிட்டு அவை காடு திரும்பும் நேரம்தான் அந்த விடியற்காலை. பரணில் காவல் இருந்தவர்கள் இறங்கி வீட்டுக்கு நடப்பதைப் பார்த்த பிறகே, ஏழு மணிக்கு மேல், நான் பெடலில் கால் வைத்தேன்.

பாதையின் தரை கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தது. முதலில் பனியில் நனைந்து இறுகிய செம்மண். அதில் டயர் சத்தமே இல்லாமல் உருளும். அடுத்து, சிறு கற்களும் மண்ணும் கலந்த மேட்டு நிலம். நம்மூரில் இதற்கு முரம்பு என்ற பெயர் சங்கப் பாடல்களின் காலத்திலிருந்தே இருக்கிறது. பாலை நிலத்து வழியைச் சொல்லும் பாடல்களில் பரலும் முரம்பும் அடிக்கடி வரும். ஓடைக்கு அருகே மணல். அங்கே கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் புதைந்து கவிழ்த்துவிடும், தளர்த்திப் பிடித்துக் காலை மட்டும் நிறுத்தாமல் மிதித்தால் அதுவாகவே வழி கண்டுகொள்ளும். தார்ச்சாலையில் ஓட்டிப் பழகிய கைகளுக்கு இந்தத் தளர்ச்சி வர எனக்கு ஓராண்டு பிடித்தது.

அன்றைய தவறு கைகளில் இல்லை, காற்றில் இருந்தது. 40 மில்லிமீட்டர் அகல டயருக்கு என் எடையில் 35 பி.எஸ்.ஐ. காற்று போதும். காற்றுக் குறைவாக இருந்தால் டயர் கல்லின்மேல் அமுங்கி அதை விழுங்கிக்கொண்டு போகும். கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும், அந்தக் குலுக்கலிலேயே மிதித்த பலம் வீணாகிவிடும். இதெல்லாம் தெரிந்திருந்தும், பழக்கதோஷத்தில் 50 வரை அடித்துவிட்டேன். அது தெரிந்து காற்றை இறக்கலாம் என்று நினைத்துக்கொண்டே ஒரு இறக்கத்தில் போகும்போது, பின்சக்கரத்தில் சீறும் சத்தம் கேட்டது. ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றியிருந்த வெள்ளைத் திரவம் என் முதுகுவரை கோலம் போட்டுவிட்டது. சிறு துளையென்றால் அந்தத் திரவம் உறைந்து தானாகவே அடைத்துக்கொள்ளும். இதுவோ சுண்டுவிரல் நக அளவுக்கு நீளமான கிழிசல். ரப்பர் திரியைச் செருகிப் பார்த்தேன், நிற்கவில்லை. ட்யூப் கையில் இருந்தது. ஆனால் அந்தக் கிழிசல் வழியாக ட்யூப் பிதுங்கி வெடித்துவிடும் என்பதும் தெரிந்தது.

மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். தெலுங்கின் இழுவை கலந்த தமிழில், “வெங்கச்சங்கல்லுங்க சார். மாட்டுக் கொளம்பையே பொளந்துரும், இந்த ரப்பர் எம்மாத்திரம்” என்றார். டயருக்குள் வைக்கத் தடிப்பாக ஏதாவது வேண்டும் என்று சொன்னேன். அவர் தலையில் கொங்காடையாகப் போட்டிருந்த உரச்சாக்கின் ஓரத்தை அரிவாளால் ஒரு சாண் அறுத்து, நாலாக மடித்து நீட்டினார். அதைக் கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து, அதன்மேல் ட்யூபைப் போட்டு, இந்த முறை கைக்கு இளக்கமாகவே காற்றடித்தேன். பெட்டமுகிலாளம் போய்வந்தும் அந்தச் சாக்குத் துண்டு அசையவில்லை. இணையத்தில் இதற்கென்றே விற்கும் ஒட்டுத்துண்டை அதற்குப் பிறகு நான் வாங்கவே இல்லை.

தேன்கனிக்கோட்டையைத் தாண்டிய பின் காடு. இங்கே ஒன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டுக்குள் நான் ஓட்டியது தார்ச்சாலையில் மட்டும்தான். மேலகிரி மலைக்காடுகளின் பெரும்பகுதி இப்போது காப்பகமாக இருக்கிறது: 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-இல் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. கர்நாடகத்துக் காடுகளோடு சேர்ந்து ஒரே தொடராகக் கிடக்கும் இந்தக் காட்டில், சாலையைவிட்டுப் பிரியும் ஒவ்வொரு மண்தடமும் யாரோ நமக்காக விட்டுவைத்த பாதையைப் போலவே தோன்றும். அது யானையின் தடம். அனுமதியில்லாமல் அதில் இறங்குவது சட்டப்படியும் குற்றம். காட்டுத்தடங்களில் ஓட்டிய வழியைச் செயலியில் ஏற்றி, ‘அருமையான கிராவல்’ என்று பிறரை அழைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தொடக்கக் காலத்தில் நானும் அப்படி ஒன்றை ஏற்றியிருந்தேன், பிறகு அழித்துவிட்டேன்.

சாலையிலிருந்தே பார்க்கக் காடு தாராளமாகத்தான் இருந்தது. கீழே முள்ளும் புதருமாக இருப்பது, ஏற ஏற மூங்கிலும் கடுக்காயும் நெல்லியுமாக மாறும். ஓடை குறுக்கிடும் இடங்களில் வெளுத்த பட்டையோடு நீர்மருது நிற்கும். அதன் வேர் பாறையைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் எது முதலில் வந்தது என்று சந்தேகம் வரும். ஒரு தரைப்பாலத்தின் மேல் யானைச் சாணம் கிடந்தது. ஆவி இல்லை, வண்டு மொய்த்திருந்தது. அதைப் பார்த்துப் பழையதுதான் என்று தேறிக்கொண்டாலும், அடுத்த இரண்டு வளைவுகளை மணியடித்துக்கொண்டேதான் கடந்தேன்.

பெட்டமுகிலாளத்தில் தேநீர், இறக்கம், மறுபடியும் வண்டிப்பாதை என்று திரும்பி வந்ததில் சொல்ல அதிகமில்லை. கெலமங்கலத்துக்குச் சற்று முன்னால் ஊர்ச்சாலையின் முழு அகலத்துக்கும் ராகிக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரத்திலேயே கதிர் உதிர்ந்துவிடும், தனியாகப் போரடிக்க வேண்டியதில்லை. அன்றைக்கு நான் மிதித்த தரைகளிலேயே மிக மோசமாக வழுக்கியது அதுதான். உலர்ந்த தாள்மேல் பிரேக்கைத் தொட்டாலே பின்சக்கரம் பக்கவாட்டில் ஓடியது. வரப்பில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆயா சத்தம் போட்டார்.

“எறங்கித் தள்ளிக்கினு போ கண்ணு. உன் சைக்கிளு வெயிட்டுக்கு ஒரு மணிகூட உதுராது.”

“உதிரும் ஆயா, டயரு பெருசு” என்றேன்.

அவர் எழுந்து வந்து, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். “அப்படின்னா அந்தக் கோடிவரைக்கும் போயி இன்னொருவாட்டி வா, பாக்கலாம்” என்றார். போய் வந்தேன். குனிந்து ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பின்னால் வந்துகொண்டிருந்த டிராக்டருக்கு வழிவிடச் சொல்லி எனக்குக் கை காட்டினார்.