ஜாவா ஜன்னல் சாம்பல் நிறமாக நின்றால்

லினக்ஸில் டீடபிள்யூஎம், எக்ஸ்மோனாட் மாதிரி விண்டோ மேனேஜர் (திரையில் ஜன்னல்களை அடுக்கி நிர்வகிக்கும் நிரல்) பயன்படுத்துபவர்கள் இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி ஜாவாவில் எழுதிய ஒரு மென்பொருளைத் திறந்தேன், ஜன்னல் வந்தது, உள்ளே வெறும் சாம்பல் நிறம். இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் அதே கதைதான்.

பெரும்பாலான விண்டோ மேனேஜர்கள் ஒவ்வொரு ஜன்னலையும் தங்கள் சட்டம் (ஃபிரேம்) ஒன்றுக்குள் பொருத்திவிடும், ஜாவாவும் அதையே எதிர்பார்க்கும். டீடபிள்யூஎம் அப்படிச் செய்வதில்லை. சட்டம் போடாத சில மேனேஜர்களின் பெயர்கள் ஜாவாவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன, நம்முடையது அதில் இல்லையென்றால் கணக்கு தப்பி ஜன்னல் சாம்பலாகவே நின்றுவிடும். மேனேஜர் தொடங்கும் முன்பே 'ஜாவா ஏடபிள்யூடி டபிள்யூஎம் நான்ரீபேரன்டிங்' என்ற சூழல் மாறிக்கு (நிரல்கள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு) 1 என்று மதிப்புக் கொடுங்கள் (பெரிய எழுத்துகள், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு, முதலிலும் ஓர் அடிக்கோடு, இதை விட்டுவிட்டுத்தான் நான் அரை மணி நேரம் தொலைத்தேன்). டபிள்யூஎம்நேம் என்ற சின்னக் கருவியால் மேனேஜரின் பெயரை எல்ஜி3டி என்று மாற்றினாலும் ஜன்னல் சரியாகிவிடும், அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது.

அப்புறம் எழுத்துரு. ஆங்கில எழுத்துகள் பல்லுப்பல்லாகத் தெரிந்தால் ஏடபிள்யூடியின் (ஜாவாவில் ஜன்னல்களைக் கவனிக்கும் பகுதி) 'யூஸ்சிஸ்டம்ஏஏஃபான்ட்செட்டிங்ஸ்' அமைப்பை 'ஆன்' செய்தால் போதும். தமிழ் கட்டம் கட்டமாக வந்தால் பெரும்பாலும் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள், லோஹித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ போடுங்கள். ஜாவா 9 முதல் எழுத்துகளைக் கோத்து அமைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பு பார்க்கிறது. நோட்டோ போட்டுத் திறந்ததும் 'கொ' எழுத்தில் கொம்பு, ககரம், கால் மூன்றும் அதனதன் இடத்தில் நின்றதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்!