வலப்பக்கத்து இருக்கை

கனடாவுக்கு வந்து பத்தொன்பது வருடங்கள் கழித்து, 2016 ஒக்ரோபரில், ஒரு பழைய இராணுவ ட்ரக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இழுவை வண்டியிலிருந்து அதை இறக்கும்போது அம்மா குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். இறக்கி முடித்துக் கை கழுவ உள்ளே போனேன். ஒரு கேள்விதான் கேட்டார்.

"உதை ஏன் இஞ்சை கொண்டந்தனி?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆமி ட்ரக்கின் சத்தத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு லாம்பைத் தணித்த வீடு எங்களுடையது. என் பத்து வயதில் எந்த எஞ்சின் பஸ், எது லொறி, எது ஆமி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அதை விளையாட்டாக நான் பழகவில்லை.

அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கராஜ் இருந்தது. 1990இல் பொருளாதாரத் தடை இறுகிய பிறகு பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. ஆனாலும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பொன்னைப் போலக் காத்துவைத்த பெற்றோலைத் துளித்துளியாகக் காபரேற்றருக்குள் விட்டு, ஹாண்டில் போட்டுச் சுற்றி ஸ்ரார்ட் பண்ண வேண்டும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் எழும் வெள்ளைப் புகையில் கண் எரியும். போத்தலைத் தூக்கிப் பிடிப்பது அப்பாவின் வேலை, ஹாண்டில் என்னுடையது. "பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை" என்பார். எஞ்சின் திருப்பி உதைத்தால், ஹாண்டிலைச் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறிந்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி நெருங்கியதால் ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, அப்பா ஸ்பனர்களை ஒரு சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். 1997இல் நான் இங்கே வந்து சேர்ந்தேன். அவர் திரும்பிப் போய்க் கராஜைத் திறந்தார். அங்கேயே காலமானார். அம்மா மட்டும் 2008இல் எங்களோடு வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் ஐந்து பேர் இருந்தோம். மெக்கானிக் வேலைதான் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்ராறியோவில் கார் திருத்துவதற்கு 310எஸ் என்ற தொழிற்சான்றிதழ் கட்டாயம். அப்பாவிடம் வேலை பழகியதற்கு என்ன கடிதத்தைக் காட்டுவது? உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலைக்குப் போனேன். ஒரே துளையை ஒரே இடத்தில் எட்டு மணித்தியாலம் போடுகிற வேலை. அது குடும்பத்தைக் காப்பாற்றியது, நன்றி மறக்கவில்லை. ஆனால் எஞ்சின் ஒன்றைத் திறந்து பார்க்காமல் வருடங்கள் போயின. கார் ஓடப் பழகியபோது வேறொரு சங்கடம். ஸ்டியரிங் இடப்பக்கம், கியரோ தானாகவே மாறும். கியரைத் தேடி இடது கை கதவில் போய் முட்டும். அந்தக் கை அடங்க நெடுநாள் எடுத்தது.

பிறகு ஒஷாவாவுக்கு வடக்கே வீடு வாங்கிப் போனோம். பின்வளவில் முந்தைய சொந்தக்காரர் கட்டிவிட்டுப் போன உயரமான கொட்டகை ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை, மகளின் பள்ளிக்கூட வேலைக்காக ஒஷாவாவில் உள்ள ஒன்ராறியோ றெஜிமென்ற் அருங்காட்சியகத்துக்குப் போனோம். பழைய இராணுவ வாகனங்களை ஓடும் நிலையில் வைத்திருக்கும் இடம் அது. வாசலிலேயே என் கால் கொஞ்சம் தயங்கியது. ஆனால் உள்ளே கிரீஸ் மணந்தது. வயது போன தொண்டர் ஒருவர் ஒரு ட்ரக்கின் கீழே படுத்திருந்தார். பக்கத்தில் விரித்திருந்த துணியில் ஸ்பனர்கள் அளவு வரிசையில் கிடந்தன. அப்பாவும் அப்படித்தான் அடுக்குவார். மகள் குறிப்பெடுத்து முடிக்கும் வரைக்கும் நான் அந்தத் துணிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

அங்கேதான் அந்த ட்ரக்கின் கதையை அறிந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது கனடா 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைச் செய்தது. அவற்றில் பெரும்பங்கு 'கனேடிய இராணுவ மாதிரி' என்று அழைக்கப்பட்ட ட்ரக்குகள். சந்தையில் போட்டியாளர்களான ஃபோர்டும் ஜெனரல் மோட்டர்ஸும் ஒரே மாதிரியைச் செய்தன. ஃபோர்ட் வின்சரில், ஜெனரல் மோட்டர்ஸ் ஒஷாவாவில். பிரித்தானியப் படையோடு சேர்ந்து ஓட வேண்டியவை என்பதால், கனடாவில் செய்திருந்தும் ஸ்டியரிங் வலப்பக்கம். அந்தத் தகவலைக் கேட்டதும் என் இடது கை தானாக அசைந்தது. உண்மையாகவே அசைந்தது.

போர் முடிந்ததும் மிஞ்சியவற்றில் பலதைக் கமக்காரர்கள் வாங்கினார்கள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி ஓட்டத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், அப்படியொன்று கிடந்தது. ஜெனரல் மோட்டர்ஸின் செவர்லட் சி15ஏ, 1943, நான்கு சில்லுகளும் இழுக்கும் வகை. முன்கண்ணாடி மேல்பக்கம் முன்னால் தள்ளிச் சாய்ந்திருக்கும். வெயில் பட்டு மினுங்கி விமானத்தில் வருபவனுக்குக் காட்டிக் கொடுக்காமலிருக்க அப்படி வைத்தார்களாம். கமக்காரரின் தகப்பன் வைக்கோல் ஏற்றவும் பனி தள்ளவும் பாவித்த வண்டி. 1,800 டொலருக்குத் தந்தார். "எஞ்சின் இறுகிவிட்டது, உன்னால் அசைக்க முடியாது" என்றார். இறுகிய எஞ்சின் என்றால் எனக்குச் சந்தோஷம்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

முதலில் சில்லுகள். இந்த வகை ட்ரக்கை எவராவது வாங்கினால் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள். இதன் சில்லு இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட்டால் பூட்டியது. அதில் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். ஒரு வட்டம் சில்லை அச்சோடு பிடிப்பது. மற்றது இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பது. ரயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வட்டத்தை யாராவது தவறுதலாகக் கழற்றினால் பாதிச் சில்லு குண்டு மாதிரிப் பறந்து வந்து ஆளைக் கொல்லும். தொடக்கூடாத நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ற் பூசும் வழக்கம் இதனால் வந்தது. என் வண்டியில் கறளில் எல்லா நட்டும் ஒரே நிறம். ரியூப் வால்வின் உள் ஊசியைக் கழற்றி, காற்று முழுக்கப் போய்விட்டதா என்று ஒரு கம்பியை விட்டுப் பார்த்து, ஒரு நாள் சும்மா விட்டுவிட்டுத்தான் ஸ்பனரைக் கிட்டக் கொண்டுபோனேன். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. சிவப்புப் பெயின்றை அவள் கையாலேயே பூச வைத்தேன். பூசிய கை மறக்காது.

எஞ்சினோடு அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனது. செவர்லட்டின் 216 கன அங்குல எஞ்சின், ஆறு சிலிண்டர். பிளக்குகளைக் கழற்றி, ஓட்டோமற்றிக் கியருக்கு விடும் ஒயிலையும் அசிற்றோனையும் சம அளவில் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டேன். கடையில் விற்கிற கறள் இளக்கிகளைவிட இந்தக் கலவை நன்றாக இறங்கும் என்பது என் அனுபவம். அசிற்றோன் சட்டெனத் தீப்பிடிக்கும், ஆகவே ஹீற்றரை அணைத்துவிட்டு, வெளியில் இருபது பாகை உறைகுளிர் என்றாலும் கதவைத் திறந்துவைத்துத்தான் ஊற்ற வேண்டும். வேலை முடிந்து காலையில் வந்ததும் கொட்டகைக்குப் போய் ஹாண்டிலைப் போட்டு மெல்ல அழுத்திப் பார்ப்பேன். பலவந்தம் கூடாது. வலிந்து திருப்பினால் பிஸ்டன் வளையம் உடையும். ஏழாவது கிழமையில் ஒரு காலை, ஹாண்டில் ஒரு நூல் அளவு இறங்கியது. அப்படியே கையை எடுத்துவிட்டு அப்பாவை நினைத்து அழுதேன். மனைவியிடம்கூட அன்று சொல்லவில்லை.

அடித்தட்டைக் கழற்றியபோது இன்னொரு அழகைக் கண்டேன். இந்த எஞ்சினில் பிஸ்டன் தண்டுகளின் அடியில் சின்னச் சின்ன அகப்பைகள் இருக்கும். எஞ்சின் சுற்றும்போது அவை தொட்டியிலுள்ள ஒயிலை அள்ளித் தங்களுக்கே பூசிக்கொள்ளும். அதனால் ஒயில் அழுத்தமானி எப்போதும் குறைவாகத்தான் காட்டும். புதிதாக வருபவர் பயந்து எஞ்சினை மறுபடி பிரித்துவிடுவார். பயப்படத் தேவையில்லை, அது அப்படித்தான். மின்சாரம் 6 வோல்ற். இப்போதைய 12 வோல்ற் காருக்குரிய மெல்லிய பற்றறி வயரைப் போட்டால் ஸ்ரார்ட்டர் சோம்பலாகச் சுற்றும். அதே வேலைக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் தேவை என்பதால் தடித்த வயர்தான் வேண்டும்.

பெயின்ற் சுரண்டும்போது முகமூடி போடாமல் தொடாதீர்கள். அந்தக் காலப் பெயின்றில் ஈயம் உண்டு. பிறேக் தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கத் தேய்க்க, கமக்காரர் அடித்த சிவப்பின் கீழே இராணுவப் பச்சை வந்தது. பொனற்றின் பக்கவாட்டில் பழைய இலக்கத்தின் நிழலும் வந்தது. முன்னால் கனடாவைக் குறிக்கும் 'சி' எழுத்து, பிறகு பாதி அழிந்த எண்கள். அன்று பின்னேரம் அம்மா முதற்தடவையாகக் கொட்டகைக்குள் வந்தார். அந்தப் பச்சையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

வேறு நிறம் அடித்தால் என்ன என்று மனைவி கேட்டாள். நானும் பல இரவுகள் யோசித்தேன். ஒன்ராறியோவில் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட, பெரிதாக மாற்றாத வண்டிக்கு வரலாற்று வாகனத் தகடு எடுக்கலாம். நிறம் அதற்குத் தடையென்று நான் நினைக்கவில்லை. என் மனம்தான் ஒப்பவில்லை. இந்த வண்டி எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஒஷாவாவில் யாரோ ஒரு தொழிலாளி, என்னைப் போல, இதிலே துளை போட்டிருப்பான். அவன் செய்து அனுப்பியதை அவன் செய்தபடியே நிறுத்த வேண்டும் என்று எனக்கு இருந்தது. பச்சையே அடித்தேன்.

ஆனால் அதற்கு முந்திய கோடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2018 யூலை. காபரேற்றர் கழுவிப் பூட்டியாகிவிட்டது, பெற்றோல் தாங்கி மட்டும் இன்னும் சுத்தமாகவில்லை. அதற்காகக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் எடுத்தேன். ஹாண்டில் மகளிடம். "பெருவிரல்?" என்றேன். "ஒரே பக்கம்" என்றாள். போத்தலைத் தூக்கித் துளித்துளியாக விட்டேன். நான்காவது சுற்றில் இருமியது. ஆறாவது சுற்றில் பற்றியது. ஆறு சிலிண்டரும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து ஒரே சீராக ஓடத் தொடங்கியபோது, கொட்டகை வாசலில் அம்மா நின்றார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். அவர் ட்ரக்கைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொப்பரும் உப்பிடித்தான் போத்திலைத் தூக்கிப் பிடிச்சபடி நிப்பார்" என்றார்.

பத்து வருடமாக இந்த வீட்டில் அப்பாவைப் பற்றி அவராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் நாவற்குழிப் பாலத்தைப் பற்றியும், சாக்கில் இருந்த ஸ்பனர்களைப் பற்றியும், எங்களை அனுப்பிவிட்டு அவர்கள் இருவரும் திரும்பிப் போய்த் திறந்த கராஜைப் பற்றியும் மகளுக்குச் சொன்னார். அவளும் நிறையக் கேட்டாள்.

அடுத்த வசந்தத்தில் பச்சை அடித்து, தகடு எடுத்து, பண்ணை வீதிகளில் ஓடினேன். ஏறி உட்கார்ந்ததும் கை தன் இடத்தைக் கண்டுகொண்டது. கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் கிளச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் கழித்தும் கால் மறந்திருக்கவில்லை. எதிரே வந்த உழவு இயந்திரக்காரர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். பழைய சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு அவருடைய வயலைச் சுற்றி வந்தேன். தகப்பன் பனி தள்ளிய இடங்களையெல்லாம் கைநீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார்.

அம்மா இன்னும் ஏறவில்லை. நான் கேட்கவும் இல்லை. போன மாரியில் இருக்கைகளுக்குக் கன்வஸ் உறை தேவைப்பட்டது. கடைக்குக் கொடுக்கப் போகிறேன் என்றபோது, "படங்குச் சீலைதானே, இஞ்சை கொண்டா" என்றார். தடித்த ஊசி வாங்கி வரச் சொன்னார். ஓட்டுபவரின் இருக்கைக்கு ஒன்று, பக்கத்து இருக்கைக்கு ஒன்று. பக்கத்து இருக்கைக்குரியதை மட்டும் உள்ளே பஞ்சு வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தார். இனிப் பின்தட்டின் பலகைகள்தான் மிச்சம். பனி கரைந்ததும் தொடங்க வேண்டும்.