வலது கன்னத்து மங்கும் நான் செய்யாத லேசரும்

என் வலது காதுக்கு முன்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருந்திட்டு இருக்கிறது. ஏழு மாதமாகியும் முழுசாகப் போகவில்லை. லேசர் சோதனைக்காகச் சுட்ட இடம் அது. அதே சூட்டை முகம் முழுக்க வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பனில் நம்மவர்கள் நிறையப் பேர் முகத்துக்கு லேசர் வைக்கும் யோசனையில் இருக்கிறார்கள், கோயிலில் பார்க்கும்போது என்னிடம் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து 24 வருடம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் சன்னல் வெயில் எல்லாம் வலது கன்னத்துக்குத்தான். முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பக்கக் கண்ணாடி அந்த அளவுக்குத் தடுக்காது. இடது கன்னத்தைவிட வலதில் மங்கு, அதாவது தோலில் படரும் கருமை, கூடுதல், கண்ணோரச் சுருக்கமும் கூடுதல். அக்டோபரில் மகள் கல்யாணம். அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று போன வருடம் ஜூனிலேயே கிளம்பினேன்.

முதலில் போனது ஒரு மாலில் இருக்கும் லேசர் நிலையம். பத்தே நிமிடத்தில் பேச்சு முடிந்தது. மூன்று சிட்டிங், 18,000 ரேண்ட், முன்பணம் 4,000. கட்டிவிட்டேன். வாயோரம் அக்கி மாதிரி கொப்புளம் வருமா, காயம் பட்டால் தழும்பு தடித்துப் புடைக்குமா, பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிட்டேனா, முகத்தில் என்ன கிரீம் போடுகிறேன், ஒன்றுமே கேட்கவில்லை. லேசருக்கு முன் இத்தனையும் கேட்டாக வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எந்த லேசர் என்று நான் கேட்டேன். "புது மெஷின் ஆன்ட்டி, எல்லா ஸ்கின்னுக்கும் சரியா வரும்" என்றார் அந்தப் பெண்.

எனக்கு அது ஒட்டவில்லை. அடுப்பில் எண்ணெய் தெறித்தாலே என் கையில் ஒரு வருடம் கருப்பாக நிற்கும். முகத்தில் மட்டும் எப்படி நிற்காமல் போகும்? காதோரத்தில் ஒரு சின்ன இடத்தில் வைத்துப் பாருங்கள், ஆறு வாரம் கழித்து மீதியைப் பேசுவோம் என்று பிடிவாதமாக நின்றேன். நேர விரயம் என்று முகத்தைச் சுளித்தார்கள். நான் அசையவில்லை. இந்த முழுக் கதையிலும் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாக வந்தது. நான்காவது வாரம் கருக்கத் தொடங்கியது. காட்டப் போனேன். "முகம் முழுக்கப் பண்ணிட்டா எல்லாம் ஒரே கலர் ஆயிடும்" என்றார்கள். அந்த வார்த்தையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால், படிவத்தின் அடியில் திருப்பித் தர முடியாது என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 17-வது பிரிவு இருக்கிறது. முன்பதிவை ரத்து செய்ய நமக்கு உரிமை உண்டு, அவர்கள் நியாயமான ஒரு தொகையை மட்டுமே பிடித்துக்கொள்ளலாம். பிரிவு எண்ணைப் போட்டு மின்னஞ்சல் எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன். ஆறு வாரம் கழித்து 3,200 வந்தது. படிவத்தில் அச்சடித்திருக்கிறதே என்று யாரும் பணத்தை விட்டுவிட வேண்டாம்.

அப்புறம்தான் தோல் டாக்டர். பெயரை, இங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் ஹெல்த் ப்ரொஃபெஷன்ஸ் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன், சிறப்பு மருத்துவரா என்று அதிலேயே தெரியும். மாலில் எனக்குக் கருவி பிடித்தவரின் பெயரையும் போட்டுப் பார்த்தேன், இல்லை.

இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாளில், வேனுக்கு வேறு ஆள் வைத்துவிட்டு, என்2 நெடுஞ்சாலையில் டாக்டர் இருக்கும் உம்ஷ்லாங்கா வரைக்கும் போனேன். குடும்ப டாக்டரின் கடிதம் கையில் இருந்தது. மெடிக்கல் எய்டிலிருந்து, அதாவது மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து, வாங்க வேண்டிய பரிந்துரை எண் இல்லை. அது இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் இப்போதே கட்டுங்கள், இல்லையென்றால் வேறு நாள் வாருங்கள் என்றார் வரவேற்பில் இருந்தவர். நாள் கொடுத்தபோது இதை ஏன் சொல்லவில்லை என்றதற்கு, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார். திரும்பி வந்து, மறுபடி மூன்று வாரம் காத்திருந்தேன். உங்கள் திட்டத்துக்கு அந்த எண் வேண்டுமா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். முகத்தில் பவுடர்கூட இல்லாமல் போங்கள்.

வீட்டில் இருக்கும் கிரீம் டியூப் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், வெட்கப்பட வேண்டாம். என்னிடம் ஊருக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வந்த டியூப் இருந்தது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள், போட்டால் பத்து நாளில் மங்கு வெளுக்கும், விட்டால் திரும்ப வரும். டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றும் இதில் இருக்கிறது, எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்றார். ஆறு வருடமாக விட்டு விட்டு. தோல் மெலிந்திருக்கிறது, இதன் மேல் லேசர் வைக்கவே கூடாது என்றார். தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் தடவினால் தோலுக்குள் நீலக்கருப்பாகப் படிந்து, எளிதில் போகாத கறையாகிவிடும். 1975-லேயே தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இதை எழுதி வைத்தார்கள், 1990-ல் அழகுசாதனங்களில் அதற்குத் தடை வந்தது. தடை செய்த நாட்டுக்கு அதைப் பெட்டியில் வைத்து நானே கொண்டுவந்திருக்கிறேன்.

லென்ஸ் வைத்து ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். நான் மொத்தமாகக் கருப்பு என்று நினைத்தது மூன்று விதமாம். கன்னத்தில் மங்கு. கன்ன எலும்பின் மேல் பரம்பரையாக வரும் சின்னச் சின்னக் கருப்பு மருக்கள். கண்ணுக்குப் பக்கத்து நெற்றியோரத்தில் வெயிலால் வந்த ஒரு தட்டையான புள்ளி, அது புற்று இல்லை என்று பார்த்துச் சொன்னார். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மருவை லேசாக மின்சூடு வைத்து எடுக்கலாம். மங்குக்கு லேசர் வைத்தால் முதலில் வெளுத்து, பிறகு முன்னைவிடக் கருத்துத் திரும்புவது உண்டு.

சுருக்கத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர் கேட்டேன். 10,600 நானோமீட்டர் அலைநீளம், தோலில் இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து மேல்தோலை ஆவியாக்கிவிடும். புண் ஆற ஒன்றிரண்டு வாரம், சிவப்பு போக மாதக்கணக்கு. நம் மாதிரி மாநிறத்துக்கு அந்தச் சூடே நிறமி செல்களைக் கிளப்பிவிடும். மேல்தோலை உரிக்காத 1,550 நானோமீட்டர் லேசரை, லேசர் சுடும் புள்ளிகளை நெருக்காமல், சிட்டிங்குகளுக்கு நடுவே நன்றாக இடைவெளி விட்டுப் பார்க்கலாம், அதுவும் டர்பன் குளிர்காலமான ஜூன், ஜூலையில் மட்டும் என்றார். ஆனால் அதற்கு முன் மங்கு அடங்க வேண்டும்.

இப்போது காலையில் நிறம் சேர்த்த எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன். அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், மங்குக்கு அது முக்கியமாம். ராத்திரி அசெலயிக் அமில கிரீம். வேனின் பக்கக் கண்ணாடிக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டிவிட்டேன். தைப்பூசத்துக்குக் காவடி கூடவே குடையோடு நடந்தேன்.

பில் தனிக் கதை. மெடிக்கல் எய்ட் ஒரு ரேண்ட்கூடத் தரவில்லை. பார்த்தால் பில்லில் இசட்41.1 என்று போட்டிருந்தார்கள், அது அழகுக்கான அறுவை சிகிச்சையின் குறியீடு. எனக்கு யாரும் கத்தி வைக்கவில்லை. மங்குக்கு எல்81.1. நான்கு தடவை தொலைபேசியில் அழைத்து மாற்ற வைத்தேன், ஆலோசனைக் கட்டணம் மெடிக்கல் எய்டில் இருக்கும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து வந்துவிட்டது. லேசருக்கு எப்படியும் தரமாட்டார்கள்.

மார்ச்சில் மறுபடி காட்ட வேண்டும். போன வாரம் என் நாத்தனார் கூப்பிட்டு, அந்த மால் கடையின் நம்பர் கேட்டாள். கொடுக்கவில்லை. அவளுக்கும் அதே டாக்டரிடம் நாள் வாங்கியாகிவிட்டது, பரிந்துரை எண்ணோடு. ஊரிலிருந்து நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த டியூப்களையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.